மருந்து தொடாத கை

ஜெயனுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. கரமனைப் பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கம் அவனுடைய லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில்கூடப் பூட்டைத் திறந்து உள்ளே ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவான். அப்படிப்பட்ட ஆளை, முதுகில் ஊசி விட்டு, கிட்னியிலிருந்து நூல் கனத்தில் ஒரு துணுக்குச் சதையை எடுத்து, இனி அசையாமல் கிட என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் கிடந்தான். மேலே சுற்றுகிற மின்விசிறியில் ஒரு இறக்கை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தான். அதற்கு எந்த அளவில் வாஷர் போட வேண்டும் என்று யோசித்தான். அதுவும் முடிந்த பிறகு அவன் செய்வதற்கு மிச்சமிருந்தது பயப்படுவது ஒன்றுதான். அதைச் செய்தான்.

பயப்படக் காரணம் இருந்தது. சில மாதங்களாகவே கால் வீங்கியது; செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் பாதத்தில் அப்படியே பதிந்து நின்றது. மூத்திரம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. கிட்னியில் என்ன கோளாறு என்று பார்க்கத்தான் பயாப்சி. அதன் முடிவு வர நாளாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை கனம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பிரஷர் ஏறக்கூடாது. ஏறினால் ஊசி குத்தின இடத்தில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். அதனால் மூன்று வேளை மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. மூத்திரம் நிறம் மாறினால் உடனே வந்துவிட வேண்டும். டாக்டர் மலையாளத்தில் சொன்ன இவ்வளவையும் ஜெயனின் மனைவி ஷைலஜா வீட்டுக்கு வந்து தமிழில் ஒருமுறையும், அவன் காதில் ஏறவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுபடி மலையாளத்தில் ஒருமுறையும் சொன்னாள். இரண்டு பாஷையிலும் கேட்டுவிட்ட மனிதனுக்குத் தப்பிக்க வழியில்லை.

ஷைலஜாவுக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. ஓணம் வருகிற நேரம்; கடையில் நிற்க இடமிருக்காது. லீவு கேட்டதற்கு முதலாளி இல்லை என்று சொல்லவில்லை, ஓணம் முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மகள் ரெம்யா பெங்களூரில் வேலை செய்கிறாள், ஓணத்துக்குத்தான் வருவாள். பகலெல்லாம் ஜெயனோடு யார் இருப்பது? ஷைலஜா யோசித்துப் பார்த்துவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பாறசாலைக்கு ஒரு போன் செய்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் வெள்ளைச் சேலையும் மடக்கின குடையுமாக ஒரு பெண் வந்து நின்றாள். ஜெயனின் அக்கா தாசம்மாள். கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லை. காதில் கம்மல் போட்டிருந்த ஓட்டைகள் தூர்ந்து வெறும் புள்ளியாகிவிட்டிருந்தன. தலை முழுக்க நரைத்திருந்தது. பதினெட்டு வருஷமாக அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. கல்யாண வீடுகளில் ஒருவர் இந்தப் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் அடுத்த பந்திக்குப் போவார்.

“எப்பிடி இருக்கே மக்கா?” என்றாள் தாசம்மாள், நேற்றுத்தான் பார்த்துவிட்டுப் போனவள்போல.

எழுந்து உட்காரப் போன ஜெயனை ஷைலஜா ஒரு அதட்டலில் படுக்க வைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள்; பார்க்காததுபோல ஒருத்தி காப்பி போடப் போனாள், இன்னொருத்தி குடையை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அந்தப் பதினெட்டு வருஷத்துக்குக் காரணம் தாசம்மாளின் புருஷன் திரவியம் செத்ததுதான். திரவியம் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர், கோபமே வராது. எதிரில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் ஒரு சிரிப்புச் சிரித்து விஷயத்தை முடித்துவிடுவார். ஒரு விபத்தில் டெம்போ நசுங்கியும் அவர் உடம்பில் கீறல் விழாமல் தப்பித்தபிறகு, மருந்து எடுக்காத ஒரு சபையில் சேர்ந்தார். அந்தச் சபையில் தலைவலித் தைலம்கூடக் கிடையாது, ஜெபம் மட்டும்தான். புருஷனோடு தாசம்மாளும் சேர்ந்தாள், கம்மலைக் கழற்றினாள், வெள்ளைச் சேலைக்கு மாறினாள். பிறகு திரவியத்துக்குச் சர்க்கரை வந்தது. கால்விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் மேலே ஏறியது. ஜெயன் கார் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சினான். திரவியம் சிரித்தார். தாசம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயன் வெறும் காரோடு திரும்பி வந்தான்.

அடக்கத்தன்று சபைப் பெரியவர் ஜெபம் பண்ணினார். கடைசிவரை மருந்து தொடாத கையோடு புருஷனுக்குப் பணிவிடை செய்த சகோதரிக்காகத் தேவனுக்கு நன்றி சொன்னார். அதைக் கேட்டதும் ஜெயனுக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தனை பேர் நடுவிலும், “மருந்து தொடாத கையாம்! அந்தக் கைதான் அத்தானைக் கொன்னுச்சு” என்று கத்தினான். தாசம்மாள் தலை நிமிரவில்லை. நாலு பேர் சேர்ந்து அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அதோடு சரி.

இப்போது அதே அக்கா அவனுடைய சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. ஷைலஜா கிளம்புமுன் காலை மாத்திரைக்காக அட்டையை எடுத்து வந்தாள். தாசம்மாள் கட்டிலின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஷைலஜா அட்டையின் தகட்டைக் கிழித்த சத்தம் கேட்டதுதான் தாமதம், தாசம்மாள் முகம் சுருங்கிப்போய் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை வரவில்லை. ஜெயன் சமையலறைப் பக்கம் பார்த்தான். மருந்து நடமாடுகிற இந்த வீட்டில் அவள் இரண்டு நாள் இருப்பாளா? சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாளோ?

ஷைலஜாவும் அதைக் கவனித்திருந்தாள். மைனி தாசம்மாளிடம் மாத்திரையைப் பற்றிப் பேசி அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாள். மதியத்துக்கு உள்ள ஒரு மாத்திரையை அட்டையோடு வெட்டி, மேசையில் டம்ளருக்கு அடியில் வைத்து, சாப்பிட்டதும் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி கணவனிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனதோடு செய்த காரியம்தான். அதில்தான் எல்லாம் தப்பாகப் போயிற்று.

மதியம் தாசம்மாள் கஞ்சியும் உப்பில்லாத, தேங்காய் போட்ட பயறுத் தோரனும் கொண்டு வந்தாள். அவன் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பழைய ருசி தெரியுதா?” என்று கேட்டாள்.

தெரியாமலா போகும்? எட்டு வயதில் ஜெயனுக்கு இதே கிட்னியில்தான் வியாதி வந்தது. ஒருநாள் காலையில் எழுந்தபோது முகம் பணியாரம்போல உப்பி, கண் திறக்க முடியாமல் போயிற்று. அம்மா அப்போது இல்லை. அவன் நடக்கத் தொடங்குமுன்பே செத்துப்போய்விட்டாள். அப்பா சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை தூக்கினார். கரமனை ஆற்றோரம் ஒரு லைன் வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். அக்காவுக்குப் பதினெட்டு வயது. ஒரு தையல்கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டு வயதுப் பையனை இடுப்பில் சுமந்தால் கால் தரையில் இழுபடும். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

மாசக்கணக்கில் உப்பு கூடாது என்றார்கள். உப்பில்லாத கஞ்சியை அவன் தட்டோடு தட்டிவிட்டான். அக்கா திட்டவில்லை. மறுநாளிலிருந்து அவளும் அதே கஞ்சியைக் குடித்தாள். அப்பாவுக்கு மட்டும் தனியாகக் கறி. உனக்கு எதற்கு உப்பில்லாமல் என்று அவன் கேட்டபோது, தனக்கு உப்பே பிடிக்காது என்று வாய் கூசாமல் சொன்னாள். கருவாட்டைச் சும்மா கடித்துத் தின்கிறவள் சொல்கிற பேச்சா அது! அவன் நம்பினான். அந்த நாளில் மாத்திரை நேரத்துக்கு மணி பார்க்க வேண்டியிருக்கவில்லை. அக்கா தையல்கடையிலிருந்து ஓடி வருவாள். இரண்டு கரண்டிக்கு நடுவில் மாத்திரையைப் பொடித்து, சர்க்கரையில் குழைத்து, நாக்கில் தடவுவாள். அதே அக்காதான் பின்னால் மருந்து தொடாத அக்காவானாள் என்பது ஜெயனுக்குப் பதினெட்டு வருஷமாகப் புரிபடாத விஷயம்.

“கல்லாத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா?” என்று அவன் கேட்டான். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அக்காவிடம் அவன் பேசின முதல் பேச்சு அது.

உப்பு தின்னலாம் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், அக்கா அவனைப் பொன்முடி போகிற பஸ்ஸில் ஏற்றிக் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஏன் கல்லாறு? தையல்கடையில் கூட வேலை பார்த்த பெண் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். நெடுமங்காடு தாண்டியதும் காற்று குளிர்ந்தது. ஆற்றில் உருண்டை உருண்டையாகப் பாறைகள். தண்ணீர் அடிமண் தெரிய ஓடியது. அவன் இறங்கி நின்றான். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நின்று, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். வெளியே வருகிறவரை விடவில்லை. பிறகு ஆற்றோரத்துக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். முதல் வாய் உப்பு நாக்கில் பட்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்காவும் வாயில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். கேட்டதற்கு, காரம் என்றாள்.

“காரம் ஒண்ணும் இல்ல. அந்தக் கடைக்காரன் கறியில மிளகாயே போடல்ல” என்றாள் தாசம்மாள் இப்போது.

அந்த மீன் சாளையா நெத்திலியா என்று ஒரு தர்க்கம் வந்தது. ஜெயன் சாளை என்றான். தாசம்மாள் விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் வாந்தியெடுத்ததும், அதைக் கண்டக்டர் பார்க்காமல் அவள் காலால் மறைத்துக்கொண்டு வந்ததும், இறங்கும்போது கண்டக்டர் அதில் வழுக்கினதும் ஞாபகம் வந்து இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிறு குலுங்கக்கூடாது என்று அவள் அவன் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டே சிரித்தாள். ஜெயனுக்கு இப்படியே இருந்துவிடலாம்போல இருந்தது. வியாதி வந்ததுகூட நல்லதுக்குத்தானோ என்று நினைத்தான்.

டம்ளருக்கடியில் மாத்திரை இருந்தது. அதை எடுத்துக் கிழித்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டான். அப்புறம் கண் அசந்துவிட்டது. விழித்தபோது வாசலில் ஷைலஜாவின் செருப்புச் சத்தம். சட்டென்று மாத்திரையைத் தலையணை உறைக்குள் தள்ளினான். போட்டாயிற்றா என்று அவள் கேட்டதற்குத் தலையை ஆட்டினான். முதல் நாள் அது மறதி. அடுத்த நாளிலிருந்து அதற்கு மறதி என்று பெயர் சொல்ல முடியாது. மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் அக்கா நாற்காலியை இழுத்துப் போடுவாள், அவன் மாத்திரையை உறைக்குள் தள்ளுவான். காலையும் இரவும் ஷைலஜா கையால் போடுகிறோமே, நடுவில் ஒன்று போனால் என்ன என்று தனக்குத்தானே ஒரு டாக்டராகவும் ஆனான். அந்த மதியங்களில் அக்கா பழைய லைன் வீட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள். மழைக்காலத்தில் ஆறு வாசலுக்கு வந்தது, அப்பாவின் துண்டில் எப்போதும் இருந்த கொத்துமல்லி வாசனை, ஆற்றில் அடித்துக்கொண்டு வந்த முழுப் பலாப்பழத்தைத் தெருவே வெட்டித் தின்றது. அத்தானைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

நாலைந்து நாள் கழிந்து ஒரு காலையில் ஜெயனுக்குப் பின்தலை கனத்தது. முதுகில், கட்டுப் போட்ட இடத்துக்கு உள்ளே, யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு வலி. ஷைலஜா கடைக்குப் போன பிறகு பாத்ரூமுக்குப் போனவன் கீழே பார்த்தான். பால் விடாத கட்டன்சாயா நிறம். தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து பேசாமல் படுத்தான். சொன்னால் ஷைலஜா மாத்திரையைப் பற்றிக் கேட்பாள். உண்மை வெளியே வந்தால் அக்காவால் வந்த வினை என்று ஆகும். மறுபடியும் ஒரு சாவுப்பழி அவள் தலையில் விழும். அதை நினைக்க அவனுக்குச் சாவைவிடப் பயமாக இருந்தது.

அவன் வேர்த்துக் கிடப்பதைப் பார்த்த தாசம்மாள், படுக்கைக்கு வேறு துணி மாற்றுவதாகச் சொல்லி, அவன் தலையை ஒரு கையால் தாங்கித் தலையணையை உருவினாள். அவன் தடுப்பதற்குள் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். மாத்திரைகள் அட்டைத் துண்டோடு தரையில் விழுந்து சிதறின.

தாசம்மாள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஜெயன் அதுவரை எந்த மனித முகத்திலும் பார்க்காத ஒரு பயம் இருந்தது.

“மறந்து போச்சுக்கா” என்றான்.

“பொய் சொல்லாதே.”

“நீ எழும்பிப் போயிருவேன்னு நெனச்சேன். அன்னைக்கு அவ அட்டையைக் கிழிச்சதும் போனேல்லியா. மருந்து இருக்கிற எடத்துல உனக்கு இருக்க வய்யான்னு…”

“அந்தச் சத்தம் கேக்க வய்யா மக்கா. மருந்து இல்ல. அந்தச் சத்தம்.” அவள் மாத்திரையை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். “உங்க அத்தானுக்கு நான் மாத்திரை குடுத்தேன்.”

ஜெயனுக்கு முதலில் விளங்கவில்லை.

“நீ காரைத் திருப்பிக்கிட்டுப் போன அன்னைக்கே போய் வாங்கினேன். யாருக்கும் தெரியாம. ராத்திரி அட்டையைக் கிழிச்சு அவிய கையில வச்சேன். ஒண்ணும் சொல்லல்ல. என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. வாயில போட்டாவ, தண்ணி குடிச்சாவ. தெனமும் அப்பிடித்தான். நான் தேவன்கிட்ட மன்னிப்பும் கேட்டேன், மாத்திரையும் குடுத்தேன். இனி பொழச்சுக்கிடுவாவன்னு நெனச்சேன். அடக்கம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் பாயைச் சுருட்டினேன். தலையணைக்குள்ள இருந்துச்சு, எல்லாம். எனக்காக வாயில போட்டாவ, தேவனுக்காகத் துப்பினாவ.”

ஜெயன் கத்தின வார்த்தை பதினெட்டு வருஷம் கழித்து அவன் மேலேயே வந்து விழுந்தது. தான் அன்றைக்குக் கத்தினபோது ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்டான்.

“விசுவாசத்தோட போனாவன்னு எல்லாரும் சாட்சி சொல்லுதாவ. நான் குடுத்தேன்னு சொன்னா அவிய பேருக்கு என்ன ஆவும்? அதும்போக…” அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அந்தக் கூட்டத்துல எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாவ. நீ ஒருத்தன்தான் அவிய செத்திருக்கக்கூடாதுன்னு கத்தினே. எனக்கு அது வேண்டியிருந்துச்சு.”

அவன் அழுதான். அவள் எழுந்து வந்து, இன்னும் என்ன மறைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அவன் மூத்திரத்தின் நிறத்தைச் சொன்னான்.

அதற்குப் பிறகு தாசம்மாள் ஒரு நிமிடம் நிற்கவில்லை. ஷைலஜாவுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஷைலஜா ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தாள்: பிரஷர் மாத்திரையைக் கொடுத்து உடனே கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள், நான் கடையிலிருந்து நேரே அங்கே வந்துவிடுகிறேன். தாசம்மாள் தெருவில் இறங்கிப் போய் ஆட்டோவோடு வந்தாள். தானும் வருவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குள் போகலாமா, சபையில் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஜெயன் கேட்டதற்கு, அது தன் பாடு என்றாள். தனக்கு இனியும் மருந்து வேண்டாம், அது தேவனுக்கும் தனக்கும் உள்ள காரியம். அதற்காகத் தம்பி சாக வேண்டியதில்லை என்றாள்.

மேசையிலிருந்த புது அட்டையை எடுத்தாள். தகடு கிழிகிற சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள், ஆனாலும் கிழித்தாள். மாத்திரையை அவன் வாயில் போட்டு, தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தாள். அவன் விழுங்கினான். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“வாயைத் திற” என்றாள் தாசம்மாள்.

ஜெயன் திறந்தான்.

“நாக்கைத் தூக்கு.”

ஐம்பத்தொரு வயதுக்காரன் நாக்கைத் தூக்கினான். அவள் அவன் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, நாக்குக்கு அடியிலும் இரண்டு கன்னத்தின் உள்ளேயும் குனிந்து பார்த்தாள். ஹாரன் மறுபடி கேட்டது. அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

“அன்னைக்கு எனக்கு இதைப் பாக்கத் தோணல்ல மக்கா” என்றாள். “இன்னொருக்காத் திற.”